உகாய் பாதுகாத்த சிப்

ஒசாகாவில் அபெனோ பக்கம் போய் உகாய் சலவை நிலையம் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். ஆனால் உகாய் தொஷிமிட்சு தன்னைக் கடைக்காரர் என்று ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. கீழே நீராவியில் வெந்துகொண்டு ஊரார் சட்டைக்கு மடிப்பு எடுத்தது அவர் மனைவி மசாயே. மாடியில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து இவர் பார்த்த உத்தியோகத்துக்கு இவரே வைத்துக்கொண்ட பெயர் காப்பாளர். அப்படி என்ன காத்தார் என்று கேட்டால் ஒரு சிப். கட்டைவிரல் நீளம் இருக்கும்.

மினாமோ என்று ஒரு விளையாட்டுப் பெட்டி தொண்ணூறுகளில் கடைக்கு வந்தது. டிவியில் செருகி ஆடுவது. இரண்டு புத்தாண்டு கூட அது தாங்கவில்லை, செய்த கம்பெனியும் கதவைச் சாத்திவிட்டது. கடையில் தூசி படிந்து கிடந்தபோது திரும்பிப் பார்க்காத ஜனங்களுக்கு, அது செத்த பிறகு அதன்மேல் பாசம் பொங்கியது. இப்போது நிப்பொன்பாஷி மின்சாமான் கடைகளில் அதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஒரு சிப்பில் பயாஸ் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருப்பார்கள். மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். வட்டைச் சுழற்று, படத்தைக் காட்டு, ஓசையை எழுப்பு என்று மற்ற உறுப்புகளை வேலை ஏவுவதும் அதுதான். கடையில் விற்ற மினாமோவின் பயாஸ் எல்லாரிடமும் இருந்தது. உகாயிடம் இருந்தது வேறு. விற்பனைக்கு முன்னால் கம்பெனிக்குள்ளேயே சோதித்துப் பார்க்கச் செய்த பெட்டியின் பயாஸ் அது, எல்லாவற்றுக்கும் முந்தியது. கடைக்கு வராமலே போன சில விளையாட்டுகளின் வட்டுகள் ரசிகர்களிடம் இருந்தன. அவை அந்த முதல் பயாஸ் இருந்தால்தான் ஓடும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். சிப் உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம். அது உகாயின் மாடியில் இருந்தது.

அது அவர் கைக்கு வந்த கதையை அவர் சொல்லும்போது கேட்க வேண்டும். கம்பெனி மூடிய அன்று தலைமைப் பொறியாளர் கண் கலங்க அவரைத் தனியே அழைத்து, இனி இது உன் பொறுப்பு என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாராம். உண்மையில் உகாய் அங்கே லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றுகிற வேலையில் இருந்தார். மூடுகிற அன்று பின்வாசலில் மலை மாதிரி குவித்திருந்த குப்பையிலிருந்து அந்தச் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு குடைத்தாங்கியையும் கொண்டு வந்தார். ஒரு வருடக் கடைசி விருந்தில் சாக்கே உள்ளே போனதும் அவரே உளறியது இது. மறுநாள் போதை தெளிந்ததும் கதையில் பொறியாளர் மறுபடி கண் கலங்க ஆரம்பித்துவிட்டார்.

குப்பையிலிருந்து எடுத்ததில் தப்பே இல்லை. எடுத்தாரே என்று கும்பிடலாம். எடுத்து வந்து என்ன செய்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல். சோதனைக்குச் செய்யும் அந்தக் காலத்துச் சிப்புகளுக்கு முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி சன்னல் இருக்கும். எழுதியதில் தப்பு வந்தால் அந்த சன்னல் வழியே புற ஊதா ஒளியைக் காட்டி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். சரியாக எழுதி முடித்ததும் வெளிச்சம் படாமல் இருக்க சன்னல்மேல் ஒரு சீட்டை ஒட்டி மூடிவிடுவார்கள். இந்தச் சிப்பின் சீட்டில் யாரோ ஒரு பொறியாளரின் கையெழுத்தில் தேதியும் முதல் பதிப்பு என்ற குறிப்பும் இருந்தன. உகாய் சிப்பைச் சோதனைப் பெட்டியிலிருந்து கழற்றி, அந்தச் சீட்டை ஆவி காட்டிப் பதமாக உரித்தார். ஓவியச் சுருள் ஒட்டுகிற கடையில் கொடுத்துப் பட்டுத் துணியில் பதித்து, சட்டம் போட்டு, மை மங்கிவிடக் கூடாது என்று வெயிலே எட்டாத மூலையில் மாட்டினார். சிப்பை ஒரு கண்ணாடிப் பெட்டியில் சன்னல் மேலே தெரியும்படி வைத்து, பெட்டிக்கு உள்ளேயே ஒரு குழல் விளக்கையும் பொருத்தினார். விளக்கைப் போட்டால் சன்னலுக்குள்ளே சிலிக்கான் வானவில்லாக மின்னும். வருகிறவர்கள் ஆ என்று வாய் பிளப்பார்கள். காலையில் எழுந்ததும் விளக்கைப் போடுவார், படுக்கப் போகும்போது அணைப்பார். ஆண்டுக்கணக்காக இதுதான் அவருடைய காப்பு.

மாதத்தின் முதல் ஞாயிறு அன்று மினாமோ ரசிகர்கள் அந்த மாடியில் கூடுவார்கள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, கொண்டுவந்த இனிப்பை மசாயேயின் கையில் கொடுத்துவிட்டு, மேலே போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற வதனுகி, பல் மருத்துவர் ஒருவர், ரயில்வே ஆள் ஒருவர் என்று அது ஒரு கூட்டம். சன்னல் சிப்பை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் அதில் நிச்சயம் நாலைந்து பேராவது இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் தேநீர் கொடுத்துப் பெருமையாக எதையோ காட்டும்போது குறை சொல்வது அந்த ஊரில் மரியாதை இல்லை. சபையின் முகத்தைப் பார்த்து, அது எதை விரும்புகிறதோ அதைச் சொல்வதுதான் அங்கே வளர்ப்பு. பார்த்தார்கள், வெகு அழகு என்றார்கள், இனிப்பைத் தின்றார்கள்.

சொன்னவள் ஒருத்தி உண்டு. ஹிகா தொமோயே. தாய்ஷோ வட்டாரத்தில், தெற்கே ஒக்கினாவா தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தெருவில் வளர்ந்தவள். பச்சிங்கோ சூதாட்ட இயந்திரங்களின் பலகைகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். வாய்க்குப் பூட்டு கிடையாது, சபையின் முகம் என்ன, சபையையே பார்க்க மாட்டாள். மினாமோவுக்கு அவள் ஒரு எமுலேட்டர் எழுதி வைத்திருந்தாள். அதாவது சாதாரணக் கம்ப்யூட்டரை மினாமோ மாதிரியே நடக்க வைக்கிற புரோகிராம். அதைக் காசு வாங்காமல் எல்லாருக்கும் கொடுத்தாள். அதில் அடுத்தவன் எழுதிய ஒரு வரி கூடக் கிடையாது, பயாஸை அவரவர் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவளுக்குத் தாங்க முடியாத கர்வம். தலைக்கனம் பிடித்தவள் என்று கூட்டத்தில் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். தலைக்கனம்தான். யாருக்கு இல்லை?

ஒரு முறை உகாய் சிப்பைப் பட்டுத் துணியால் துடைக்கப் போய் அதன் கம்பிக் கால்களில் இரண்டை வளைத்துவிட்டார். நிமிர்த்தத் தெரிந்த கை ஹிகாவின் கை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் கூட்டத்து நடுவிலேயே அவளிடம் கொடுத்தார். அவள் அறையின் சன்னல் ஓரம் போய் உட்கார்ந்து சிப்பின் கால்களை நிமிர்த்தினாள். பையில் சிப்பைப் படிக்கிற கருவியும் இருந்தது. மற்றவர்கள் இனிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அதில் செருகிப் படித்தும் விட்டாள். ஒரு தடவை படித்தால் ஒரு மாதிரியும் மறு தடவை வேறு மாதிரியும் வந்தது. சில எண்கள் ஏற்கனவே தள்ளாட ஆரம்பித்திருந்தன. திரும்பத் திரும்பப் படித்து, ஒப்பிட்டு, ஒருவழியாக முழுப் பயாஸையும் ஒரு காப்பியாகத் தேற்றி எடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவளே வாயெல்லாம் பல்லாக மடிக்கணினியைத் திறந்து உகாயின் முன்னால் வைத்தாள். அந்த முதல் பயாஸ் இல்லாமல் யாருமே ஆடியிராத விளையாட்டு ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நீல நிறத்தில் ஒரு குளம், அதன் நடுவில் ஒரு படகு. உகாய் துள்ளிக் குதிப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். உகாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. தன்னைத் தேடி அபெனோவரை வருகிற இத்தனை பேரும் இனி தாய்ஷோவுக்குப் போனால் போதும் என்பது மட்டும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த விஷயத்தில் மனிதர் கெட்டி.

"யாரக் கேட்டு எடுத்த?" என்றார்.

"யாரையும் கேக்கல. கேட்டா குடுத்திருப்பீங்களா? உகாய் சான், அந்த சன்னல்ல ஒரு கறுப்பு டேப்பாவது ஒட்டுங்க. விளக்கு தின்னுக்கிட்டிருக்கு. இப்பவே ஆட்டங் கண்டுருச்சு. அதான் எடுத்து வெச்சேன்."

திருடியவள் தனக்குப் பாடம் எடுக்கிறாள் என்று அவர் கொதித்தார். சிப் தன்னுடையது, அதில் இருப்பதும் தன்னுடையது என்றார். எழுதியது யாரோ, குப்பையில் போட்டது யாரோ, நீங்கள் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று அவள் சொல்ல, கூட்டம் மூச்சுவிடாமல் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தது. அதற்குப் பிறகு உகாய் இறங்கி வரவே இல்லை. எல்லார் முன்னாலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், எல்லார் முன்னாலும் அந்தக் காப்பியை அழிக்க வேண்டும், வீட்டில் இருந்தால் அதையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் அவள் எமுலேட்டரே திருட்டுச் சரக்கு என்று ரசிகர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் எழுதுவேன் என்றார். அது அவளைச் சரியான இடத்தில் குத்தியது. தன் பெயரோடு திருட்டு என்ற சொல் ஒட்டுவதை அவளால் தாங்க முடியாது.

ஹிகா பாயில் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினாள். எழுந்து மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நெஜமாத்தானா? ஒரு தடவ யோசிச்சுக்குங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதுலதான் அதுக்கு மதிப்பு," என்றார் உகாய்.

அழித்தாள். வதனுகி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் போய்விட்டதா என்று சரிபார்த்துக்கொண்டார். அந்த மனிதருக்கு இப்படிப்பட்ட விஷயங்களில் ஒரு கடமை உணர்ச்சி. ஹிகா அன்று படி இறங்கியவள்தான், பிறகு வரவில்லை. மாடியில் கொஞ்ச நாள் திருடி கதை ஓடியது, பிறகு அதுவும் சலித்துவிட்டது. உகாய் மட்டும் சலிக்காமல் சொல்லிவந்தார். டேப் ஒட்டவில்லை. ஒட்டினால் அவள் சொன்னதைக் கேட்டது போல ஆகிவிடுமே.

சில வருடங்கள் போயின. மாகாணத் தொழில் காட்சியகத்திலிருந்து குசே என்ற அதிகாரி உகாயைத் தேடி வந்தார். பழைய விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஒரு தனி அறை அமைக்கிறோம், அதன் நடுவில் உங்கள் சோதனைப் பெட்டியை ஓட விட்டு வைக்க வேண்டும், உகாய் தொஷிமிட்சு அளித்தது என்று பித்தளையில் பொறித்து வைப்போம் என்றார். உகாயின் வாழ்க்கையில் அதுவரை எதிலுமே அவர் பெயரைப் பொறித்ததில்லை. கடைப் பலகையில் இருப்பது கூட மாமனார் எழுதி வைத்தது, மசாயேயைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து உகாய் என்ற பெயரை வாங்கிக்கொண்டவர் இவர். பித்தளை என்று காதில் விழுந்ததும் மனிதர் அப்படியே இளகிவிட்டார். புதுக் கோட்டு தைத்தார். கோட்டைத் தேய்த்துக் கொடுக்கும்போது மசாயே, பேச்சு எதுவும் பேச வேண்டியிருக்குமா என்று கேட்டாள். மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன் என்றார்.

காட்சியகத்தின் பட்டறையில் சிப்பைப் படிக்கக் கொடுத்தார். ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் கொடுக்காததை அரசாங்கத்துக்குக் கொடுக்கலாம் என்பது அவர் நியாயம். அங்கிருந்த தொழில்நுட்பப் பெண் ஒரு தடவை படித்தாள். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழ்வரை எஃப் எஃப் எஃப் எஃப் என்று ஒரே எழுத்து. அப்படியென்றால் என்ன என்று குசே கேட்டார். எதுவுமே எழுதாத புதுச் சிப் இப்படித்தான் காட்டும் என்றாள் அவள். இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று உகாயிடம் கேட்டாள். பத்திரமாகக் கண்ணாடிப் பெட்டியில், உள்ளேயே விளக்குப் போட்டு என்று உகாய் சொன்னார். அவள் கருவியை அணைத்தாள்.

குசே நல்ல மனிதர். முன்னாலேயே எங்கேயாவது ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தால் கவலை வேண்டாம், இதே சிப்பில் திரும்ப எழுதிவிடலாம், பெட்டி ஓடும், பெயரும் உங்கள் பெயர்தான் என்றார். காப்பி இருக்கிறது, ஒரு வாரத்தில் கொண்டு வருகிறேன் என்று உகாய் சட்டென்று சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அழி என்று சொன்னால் அழித்துவிட்டதாகக் காட்டுவார்கள், வீட்டில் ஒன்றை ஒளித்து வைத்திருப்பார்கள். உலகம் அப்படித்தான். அவராக இருந்திருந்தால் நாலு இடத்தில் வைத்திருப்பார். அத்தனை வருடம் திருடி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், அவள் உண்மையிலேயே திருடியாக இருக்க வேண்டுமே என்று ரயிலில் போகும்போது வேண்டிக்கொண்டார்.

தென்னோஜி ஸ்டேஷனில் இறங்கிப் பெரிய கடையில் யோகான் வாங்கிக்கொண்டார். சிவப்புப் பயற்றில் செய்கிற அந்த இனிப்பில் விலை உயர்ந்த பெட்டி. ஹிகாவின் வீட்டை விசாரித்துப் போனபோது அவள் சமையலறையில் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார வைத்தாள், பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள், கத்தியோடும் பலகையோடும் எதிரே வந்து உட்கார்ந்து நறுக்குவதைத் தொடர்ந்தாள். உகாய் காட்சியகத்தைப் பற்றியும் பித்தளையைப் பற்றியும் சுற்றி வளைத்துச் சொன்னார். நல்லது என்றாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அந்தக் காப்பி கொஞ்சம் வேணும்."

"எந்தக் காப்பி?"

"ஹிகா சான், நான் கோவிச்சுக்க மாட்டேன். வீட்ல ஒண்ணு வெச்சிருப்பீங்க. இருக்கட்டும். நல்லதாப் போச்சு."

"நீங்கதான அழிக்கச் சொன்னீங்க. இங்க இருந்ததையும் அன்னைக்கே அழிச்சேன்."

"சொன்னேன். சொன்னா அழிச்சிருவாங்களா?"

அவள் கை நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேப் ஒட்டலையா?"

உகாய் ஓரமாக இருந்த யோகான் பெட்டியைப் பார்த்தார். ஹிகாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கத்தியைப் பலகைமேல் வைத்தாள். அந்தப் பயாஸை யாரோ சில பேர் இரவு பகலாக உட்கார்ந்து எழுதியிருப்பார்கள், அதைத் தள்ளாடிய எண்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேற்றி எடுத்தது அவள். உகாய்க்கு அது ஒரு பெயர்ப்பலகை, அவளுக்கு அது ஒரு வேலை. எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. காப்பியை எடுக்கத்தான் உள்ளே போயிருக்கிறாள் என்று உகாய் நினைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள்.

உகாய் உடனே தரையில் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் வைத்தார். அவர் மண்டியிட்டதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. காசைப் போட்டால் பொருள் விழுகிற இயந்திரத்தில் காசு போடுகிறவரின் நம்பிக்கைதான் இருந்தது.

"எந்திரிங்க. இருந்தா குடுத்துருப்பேன். என் வீட்டுக்காரரு கூட ஒண்ணு வெச்சுக்கன்னு சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். திருடின்னு சொன்ன வாய்க்கு நாம எதுக்கு சோறு போடணும்னு ஒரு வீம்பு."

உகாய் தலையை மட்டும் தூக்கினார். அடுத்த யோசனை அதற்குள் தயாராக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஏதோ ஒரு படம் வந்து ஏதோ ஒரு சத்தம் வந்தாப் போதும். உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தது நீங்க ஒருத்தர்தான். நானே பாத்ததில்ல. எவன் வந்து கேக்கப் போறான்?"

ஹிகா நறுக்கிய பாகற்காயைப் பலகையோடு எடுத்துக்கொண்டாள். கோபம் வரவில்லை. கோபப்படக் கூட எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

"கெளம்புங்க உகாய் சான். எனக்கு அடுப்புல வேல இருக்கு," என்றாள்.

அவர் எழுந்தார், முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒரு காப்பி கூட வைத்துக்கொள்ளாத நீயெல்லாம் என்ன எமுலேட்டர் எழுதுகிறாய் என்று வாசலில் நின்று திட்டினார். பொறுப்பில்லாதவள் என்றார். செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு ஏதோ நினைவு வந்து மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனார். ஓரமாக வைத்திருந்த யோகான் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். கொடுத்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற மனிதரை ஹிகா தன் ஆயுளில் அன்றுதான் பார்த்தாள். அந்த ஊரில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

காட்சியகத்துக்கு உகாய் போகவில்லை. குசே கூப்பிட்டபோதெல்லாம் மசாயே எடுத்து, அவர் வெளியே போயிருக்கிறார் என்றாள். மூன்றாம் தடவை, அவர் மேலேதான் உட்கார்ந்திருக்கிறார், கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நடுவில் வைக்க வேறு ஏதோ பெட்டி கிடைத்து, அந்த அறை திறந்தும் ஆகிவிட்டது. புதுக் கோட்டை மசாயே உறை போட்டு, வாடிக்கையாளர் யாரும் வந்து வாங்காத உருப்படிகளோடு தொங்கவிட்டாள்.

முதல் ஞாயிறு வந்தது. காட்சியகம் என்ன ஆயிற்று என்று எல்லாரும் வாயில் வைத்துக்கொண்டுதான் படி ஏறினார்கள், ஆனால் கேட்கவில்லை. உகாயே ஆரம்பித்தார். யோகானைத் துண்டு போட்டு, குட்டித் தட்டுகளில் வைத்து, ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தார். சிப்புகளுக்கு ஆயுள் அவ்வளவுதான், இயற்கை, அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். கூட்டம் பெருமூச்சு விட்டது. உகாய் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குரல் தழுதழுக்கத் தொடர்ந்தார்.

"அதுக்குன்னு ஒலகத்துல ஒரே ஒரு காப்பி இருந்துச்சு. அதயும் அந்தத் தாய்ஷோ பொம்பள அழிச்சுட்டா. தேடிப் போயி கால்ல விழுந்து கேட்டேன். கூசாம சொல்றா, அழிச்சுட்டேன்னு."

அன்று அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சரிபார்த்த வதனுகி, வாயிலிருந்த இனிப்பை விழுங்கினார்.

"இப்பிடியும் மனுஷங்க இருக்கத்தான் செய்யிறாங்க," என்றார்.

அன்று அதே பாயில் உட்கார்ந்து அவள் அழித்ததைப் பார்த்த அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.